கிளியக்கா கேட்டு வாங்கிய பாதி ஆட்டம்

மண்ணூர் விடிவெள்ளி கால்பந்துக் குழுவுக்குத் தலைவர் ஒரு பெண் என்று சொன்னால் அந்தக் காலத்தில் யாரும் நம்பமாட்டார்கள். நாங்கள் ஆடப்போன ஊர்களில் எல்லாம், "தலைவர் எங்கப்பா?" என்று கேட்பார்கள். கோட்டுக்கு வெளியே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கும் கிளியம்மாளைக் காட்டுவோம். கேட்டவர் அவரை மேலும் கீழும் பார்ப்பார்.

நான் அந்தக் குழுவின் கோல்கீப்பர். அதனால் ஆட்டத்தையும் பார்த்தேன், அவரையும் பார்த்தேன்.

கிளியக்காவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். கணவர் பம்பாய் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அக்கா நாலு எருமை வைத்து, ஸ்ரீபெரும்புதூர் டீக்கடைகளுக்குப் பால் ஊற்றிவந்தார். ஏரிக்குப் பக்கத்தில் அவருக்கு இரண்டு ஏக்கர் நிலம். தண்ணீர் ஏறாத மேட்டு நிலம் என்பதால் சும்மா கிடந்தது. அதில்தான் நாங்கள் ஆடினோம். ஒருநாள் பந்து பட்டு அவருடைய எருமை மிரண்டு ஓடியதில், எங்களைத் துரத்துவதற்காகக் கையில் கழியோடு வந்தார். வந்தவர் நின்று பார்த்தார். மறுநாளும் வந்தார். ஒரு வருஷத்துக்குள் ஆஃப்சைடு எது என்பது எங்கள் செகரட்டரி கோதண்டராமனைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது.

குழுவை மாவட்டத்தில் பதிவு செய்யப் போனபோது, மைதானத்துச் சொந்தக்காரரின் சம்மதக் கடிதம் கேட்டார்கள். கோதண்டராமன் அக்காவிடம் போய் நின்றார்.

"நெலம் என்னுது. வெறுங் கையெழுத்து மட்டும் போட நான் இன்னா ரிஜிஸ்தர் ஆபீசா? என்னையே தலைவராப் போட்டுக்கோ" என்றார் அக்கா. போட்டுவிட்டோம்.

எங்கள் குழுவின் உயிர் ஜெபகுமார். இருபத்தொரு வயது. கல்குவாரி லாரியில் ஜல்லி ஏற்றும் வேலை. காலை முழுக்க ஜல்லி அள்ளிவிட்டு, சாயங்காலம் வெறுங்காலோடு வந்து மூன்று பேரை ஏமாற்றிக் கோல் போடுவான். இடது காலில் பந்து இருக்கிறது என்று நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது வலது காலில் இருக்கும். பயிற்சியில் அவன் அடித்த பந்தைத் தடுத்து என் கட்டைவிரல் இரண்டு தடவை பிசகியிருக்கிறது.

1991 ஆகஸ்ட்டில் படப்பை கோப்பைப் போட்டியில் நாங்கள் முதன்முறையாக ஃபைனலுக்குப் போனோம். அதற்கு முன் நாலு வருஷம் போய், அரையிறுதியைக்கூடத் தாண்டியதில்லை. அந்த வருஷம் எங்கள் பதினொரு கோலில் ஒன்பது ஜெபகுமாருடையது. ஃபைனல் ஞாயிற்றுக்கிழமை. ஊரே அதைத்தான் பேசிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் மைதானத்து ஓரத்தில் ஒரு வெள்ளை அம்பாஸிடர் வந்து நின்றது. இறங்கியவர் பாண்டுரங்கன். மெட்ராஸில் ஒரு பெரிய கம்பெனியின் கால்பந்து டீம் மேனேஜர். அரையிறுதியைக் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்திருக்கிறார்.

"ஜெபகுமாரை எங்களுக்குக் குடுங்க. அவனுக்குக் கம்பெனில வேலை. உங்க குழுவுக்குப் பதினஞ்சாயிரம் ரூபா. சனிக்கிழமை அஞ்சு மணியோட மெட்ராஸ் லீக் பதிவு முடியுது. அதுக்குள்ள தலைவரும் செகரட்டரியும் கையெழுத்துப் போடணும்" என்றார்.

கோதண்டராமன்தான் முதலில் வாய் திறந்தார். "மெட்ராஸ் லீக்ல பதிவான பிளேயர் படப்பைல ஆடக்கூடாதுன்னு விதி கீது. அப்போ ஞாயித்துக்கிழமை?"

"அதுக்கு நான் இன்னா பண்றது சார்?" என்றார் பாண்டுரங்கன்.

அவ்வளவுதான், மைதானம் இரண்டாகப் பிளந்துவிட்டது. கோதண்டராமனுக்கு முகமெல்லாம் சிவந்துபோயிற்று. "அஞ்சு வருஷமா இதுக்குத்தான் ஓடினோம். ஃபைனலுக்கு மூணு நாள் முன்னாடி அவனத் தூக்கிக் குடுக்கறதா? என் கையெழுத்து கிடையாது!" லெஃப்ட் பேக் பகலவன் எழுந்து கத்தினான்: "பதினஞ்சாயிரம் அண்ணே! எல்லாத்துக்கும் பூட்ஸ் வாங்கலாம். இந்த மேடு பள்ளத்தச் சமன் பண்ணலாம். ஒரு கோப்பைய வெச்சுகினு இன்னா பண்ணப் போறோம்?" ஆளுக்கு ஆள் பேசினார்கள். நான்கூட, குடுக்கக்கூடாது என்று என்னை அறியாமல் கத்தினேன்.

எல்லோரும் ஓய்ந்தபிறகு கிளியக்கா ஜெபகுமார் பக்கம் திரும்பினார்.

"நீ இன்னாடா சொல்றே?"

"நீங்க எல்லாம் பாத்து இன்னா சொல்றீங்களோ, அப்டியே செய்றேங்க்கா."

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கால் யாருதுடா? எங்க கால்லயா நீ ஓடறே? வாயத் தொறந்து சொல்லு!"

ஜெபகுமார் தலையைக் குனிந்து புல்லைப் பிடுங்கினான். அப்புறம் ஒரே மூச்சில் சொன்னான். "போகணுங்க்கா. வூட்ல ரெண்டு தங்கச்சி கீது. ஜல்லி அள்ளி அள்ளி இடுப்பு போச்சு. இன்னும் நாலு வருஷம் அள்ளினா இந்த ஆட்டமும் போயிடும். ஆனா ஞாயித்துக்கிழமை ஆடாமப் போனா எனக்குச் சாவற வரைக்கும் ஆறாது."

கோதண்டராமன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

"சார், சனிக்கிழமை காலைல வாங்க. பதில் சொல்றோம்" என்று பாண்டுரங்கனை அனுப்பிவிட்டார் அக்கா.

மறுநாள் விடிந்ததும் அக்கா என் வீட்டு வாசலில் நின்றார். கையில் படப்பைப் போட்டியின் நோட்டீஸ். "இத்தப் படி. எட்டாவது விதி" என்றார். படித்தேன். 'போட்டி தொடங்கும் நாளன்று மெட்ராஸ் லீக்கில் பதிவு பெற்றிருப்பவர்கள் ஆட அனுமதி இல்லை.'

"தொடங்கற நாள்னுதானே போட்டிருக்கான்? தொடங்கினது போன மாசம். போன மாசம் இவன் எந்த லீக்ல இருந்தான்?"

இந்த நோட்டீஸை நாங்கள் அத்தனை பேரும் பார்த்திருக்கிறோம். ஒருவரும் படித்ததில்லை.

கோதண்டராமனையும் கூட்டிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் வந்து, அங்கிருந்து ஒரகடம் வழியாகப் படப்பைக்குப் போனோம். போட்டிக் கமிட்டித் தலைவர் நோட்டீஸை இரண்டு தடவை படித்தார். மூக்கைச் சொறிந்தார். "நாங்க நெனச்சு எழுதுனது வேறம்மா" என்றார்.

"நீங்க நெனச்சது எங்களுக்குத் தெரியாது சார். எழுதினத வெச்சுத்தானே நாங்க ஆட வந்தோம்?" என்றார் அக்கா. "அதுவும் இல்லாம, அவன் வரலைன்னா உங்க ஃபைனலுக்கு எவன் வருவான்?"

கமிட்டித் தலைவர் சிரித்துவிட்டார். ஆடலாம் என்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

சனிக்கிழமை காலை பாண்டுரங்கன் வந்ததும் அந்தக் காகிதத்தை அக்கா நீட்டினார். அவர் சந்தோஷப்படுவார் என்று நாங்கள் நினைத்தோம். பதறிப்போய்விட்டார்.

"அய்யோ, வேணாம்மா! கையெழுத்தான பிறகு அவன் எங்க பிளேயர். ஃபைனல்ல கால உடைச்சுட்டா நான் எங்க ஆபீசருக்கு இன்னா பதில் சொல்றது?"

"அப்போ கையெழுத்து இல்ல" என்று அக்கா எருமைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

பாண்டுரங்கன் காரைச் சுற்றிச் சுற்றி நடந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். அக்காவுக்குப் பின்னாலேயே தொழுவத்துக்குப் போனார். "சரிம்மா. ஒரு பாதி. செகண்ட் ஹாஃப் மட்டும். நானும் வந்து கோட்டுக்குப் பக்கத்துல நிப்பேன். ரெண்டு பேர் சேந்து அவன அடிச்சா உடனே வெளிய எடுத்துடணும்."

"சரி" என்றார் அக்கா. தலைவரும் செகரட்டரியும் கையெழுத்துப் போட்டார்கள். கோதண்டராமன் போடும்போது பேனா இரண்டு இடத்தில் காகிதத்தைக் கிழித்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு டிராக்டரில் ஊரே படப்பைக்கு வந்தது. எதிரில் தாம்பரம் பக்கத்து அணி. எல்லோரும் ஆறடி. இருபதாவது நிமிஷம் கார்னரிலிருந்து வந்த பந்தை நான் கையில் வாங்கி நழுவவிட்டேன். கோல். இடைவேளையில் பூஜ்யத்துக்கு ஒன்று. தலை நிமிர முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அக்கா என் பிடரியில் ஒன்று வைத்தார். "போனது போவட்டும். இன்னொண்ணு வுட்டா மட்டும் வூட்டுக்கு நடந்து வா!"

இரண்டாம் பாதிக்கு ஜெபகுமார் இறங்கினான். கூட்டம் போட்ட சத்தத்தில் ரெஃப்ரி ஊதிய விசில் எனக்குக் கேட்கவே இல்லை. ஐந்தே நிமிஷம். நடுக்கோட்டில் பந்தை வாங்கினான். ஒருவன், இரண்டு பேர், மூன்றாவது ஆளின் காலுக்கு நடுவில் தட்டி அந்தப் பக்கம் போய் எடுத்தான். அடித்தது வலை ஆடியபிறகுதான் தெரிந்தது. ஒன்றுக்கு ஒன்று!

அதற்கப்புறம் அவனை இரண்டு பேர் ஒட்டிக்கொண்டார்கள். ஒவ்வொரு முறை அவன் விழும்போதும் பாண்டுரங்கன் "காலு! காலு!" என்று அலறினார்; ஆட்ட மும்முரத்தில் அவனை வெளியே எடுக்கச் சொல்ல மறந்துவிட்டார். ஒரு கட்டத்தில் அவர் கிளியக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், அக்காவும் அதைக் கவனிக்கவில்லை. நான் இரண்டு பந்தைப் பாய்ந்து தட்டினேன். எப்படித் தட்டினேன் என்று கேட்டால் தெரியாது.

கடைசி நிமிஷம். ஜெபகுமாரிடம் பந்து. அவனைச் சுற்றி நாலு பேர். எல்லோரும் அவன் அடிப்பான் என்று நினைத்தோம். அவன் பார்க்காமலே இடது பக்கம் உருட்டிவிட்டான். அங்கே தன்னந்தனியாகப் பகலவன்! ஐந்து வருஷத்தில் ஒரு கோல்கூடப் போடாதவன். கண்ணை மூடிக்கொண்டு உதைத்தான். கம்பத்தில் பட்டு உள்ளே போயிற்று.

நான் என் கோலை விட்டுவிட்டு மைதானம் முழுக்க ஓடினேன். கோதண்டராமன் வேட்டி அவிழ்ந்தது தெரியாமல் குதித்தார். மெட்ராஸ் மேனேஜர் எங்கள் ஊர்க்காரர்களைக் கட்டிப்பிடித்து "கால் நல்லா கீது, கால் நல்லா கீது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஜெபகுமார் திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் மெட்ராஸ் போனான். ஆறு சீசன் ஆடினான், வேலை நிரந்தரமாயிற்று, இரண்டு தங்கைகளுக்கும் கல்யாணம் செய்துவைத்தான். நாங்கள் மைதானத்தைச் சமன் செய்தோம், பூட்ஸ் வாங்கினோம். மறுவருஷம் அவன் இல்லாமல் முதல் சுற்றிலேயே தோற்றோம். கோதண்டராமன் ஒரு வாரம் அக்காவோடு பேசவில்லை.

அந்த வருஷக் கடைசியில் பாண்டுரங்கன் மறுபடி வந்தார். இந்த முறை, லெஃப்ட் பேக் ஆள் வேண்டும் என்று பகலவனைக் கேட்டார். அக்கா கூட்டம் எதுவும் கூட்டவில்லை. நேராகப் பகலவனிடம் கேட்டார். அவனுக்கு அப்போது இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் வேலை கிடைத்திருந்தது.

"நான் வரல சார். எனக்கு இங்கதான் ஆடணும்" என்றான்.

"கேட்டுகினீங்களா சார்?" என்று சொல்லிவிட்டு, அக்கா அவருக்கு ஒரு டம்ளர் நிறையப் பால் காய்ச்சிக் கொடுத்தார். அவர் குடித்துவிட்டு, எங்கள் பயிற்சியைக் கடைசிவரை இருந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்.