அண்ணி பிரிக்காத தட்டு

பத்தாம் வகுப்பில் அறிவியலில் மட்டும் கோட்டை விட்டவள் என் அண்ணி. கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்து, பிள்ளையும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, ஊர்ப் பால்வாடியில் டீச்சர் வேலை காலியாகப் போவதாகப் பேச்சு வந்தது. பத்தாவது பாஸ் செய்திருக்க வேண்டும். தனித்தேர்வராக அறிவியலை மறுபடி எழுதுவதென்று முடிவெடுத்தாள்.

"புள்ள பள்ளிக்கூடம் போற வயசுல இவளுக்குப் பரீட்சையாம்" என்று அம்மா முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள்.

வீட்டின் கடைசிப் பெண்ணான நான் அப்போது தினமும் கடலூரிலிருந்து பஸ் பிடித்துப் போய்ச் சிதம்பரத்தில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். அதனால் பாடம் சொல்லித் தருவது என் தலையில் விழுந்தது. எனக்கோ பொறுமை மருந்துக்கும் கிடையாது.

மற்ற பாடமெல்லாம் ஓடிவிட்டது. சமன்பாட்டில்தான் இடித்தது. மக்னீசியம் ஆக்சிஜனில் எரிந்தால் மக்னீசியம் ஆக்சைடு. இடது பக்கம் Mg + O₂, வலது பக்கம் MgO. வலது பக்கம் ஒரு ஆக்சிஜன் குறைகிறது. அண்ணி கொஞ்சமும் யோசிக்காமல் O-வின் காலடியில் ஒரு குட்டி 2 போட்டு நிமிர்ந்து பார்ப்பாள்.

"அப்படிப் போட்டா அது வேற பொருளாயிடும் அண்ணி. நம்பர முன்னாடிதான் போடணும்."

"கொறையற எடத்துல வச்சாத்தான நெறையும்? முன்னாடி வச்சா எப்புடி?"

நான் கத்துவேன். அவள் பேனாவை மூடிவிட்டுக் குழம்பைக் கிளறப் போய்விடுவாள். இந்த முறையும் தவறவிட்டால் வேலை வேறு யாருக்கோ போய்விடும் என்ற பயம் அவளைவிட எனக்குத்தான் அதிகம்.

அந்தச் சமயத்தில் திருவந்திபுரத்தில் என் அக்கா மகளுக்கு மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் சீர் எங்கள் வீட்டிலிருந்து போக வேண்டும். சீர்த் தட்டு அடுக்குவதில் அண்ணியை அடித்துக்கொள்ள எங்கள் தெருவில் ஆள் கிடையாது. கண்ணாடித் தாள் சுற்றிக் கட்டி வரிசையாக வைத்திருந்தாள். ஆப்பிள் குறைச்சலாகத் தெரிந்தது. ஒரு தட்டைப் பிரித்து இன்னும் ஒன்றைச் செருகப் போனேன். கையில் சுளீரென்று அடி விழுந்தது.

"கட்டுன தட்டப் பிரிக்காத. ஆப்பிள் ஜாஸ்தி வேணும்னா இதே மாரி இன்னொரு தட்டு வையி."

"இதத்தான அண்ணி இத்தன நாளா நான் கத்தறேன்? MgO-வும் கட்டுன தட்டுதான்."

அவள் கை தாளின் மேலேயே நின்றது.

"அப்ப இன்னொரு தட்டு வச்சா, ஆக்சிஜனோட ஒரு மக்னீசியமும் சேந்து வந்துடுமே."

"வரும்."

"அப்ப அந்தப் பக்கமும் மக்னீசியத்த ரெண்டாக்கணும்."

அந்த அடுத்த படியை நான் சொல்லவில்லை. அவளே போய்ச் சேர்ந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதை மறைக்க அந்த ஆப்பிளைக் கடித்துத் தின்றேன்.

அதற்குப் பிறகு அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை. என் கல்லூரிப் புத்தகத்திலிருந்து புரொப்பேன் எரிவதை எடுத்துக் கொடுத்தேன். அரிசி களைந்துகொண்டே வாயால் சமன் செய்தாள்: ஆக்சிஜன் அஞ்சு, கார்பன் டை ஆக்சைடு மூணு, தண்ணி நாலு.

ரிசல்ட் அன்று கடலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம். கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் அண்ணியைப் பார்த்து, "பையன் நம்பரா, பொண்ணு நம்பராம்மா?" என்றார்.

"என் நம்பரு" என்றாள் அண்ணி. குரல் துளிகூட இறங்கவில்லை.

பாஸ். எழுபத்தெட்டு. இனி வேலைக்குத் தைரியமாக மனு போடலாம். வெளியே வந்ததும் கேட்டாள், "பத்தாவதுல நீ சயின்ஸ்ல எவ்ளோ?"

"எழுபத்தி நாலு" என்றேன். பொய் சொல்லியிருக்கலாம்.

வீட்டு வாசலில் அம்மா காத்துக்கொண்டிருந்தாள். பாஸா பெயிலா என்று அவள் கேட்பதற்குள் அண்ணி சொன்னாள், "ஒங்க பொண்ண விட எனக்கு நாலு மார்க்கு ஜாஸ்தி அத்த."

அம்மா எனக்குப் பரிந்து பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் செருப்புக்கூடப் போடாமல் தெருவில் இறங்கி, எதிர்வீட்டில் போய் அதையே சொன்னாள்.