ஆமான்னா ஒரு தட்டு

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் போலீஸ் வயர்லெஸ்ஸில் ஆபரேட்டர். அதுவரை எங்களிடம் இருந்ததெல்லாம் ஸ்டேஷன் மேசையில் வைத்த செட்டும் ஜீப்பில் பூட்டிய செட்டும்தான். கையில் பிடித்துக்கொண்டு நடக்கிற புது செட் வந்ததும், மலைச்சரிவில் அது எங்கே பேசுகிறது, எங்கே பேசவில்லை என்று பார்த்து எழுதித் தரச் சொன்னார்கள். போடி ஸ்டேஷனில் மேசை செட்டுக்கு முன்னால் என்னைவிட மூத்த ஆபரேட்டர் உட்கார்ந்துகொண்டார். அண்ணே என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். செங்கல் கனம் இருந்த கைசெட்டோடு நான் குரங்கணிக்கு மேலே ஏறினேன்.

ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்தது. மேட்டில் நின்றால் அண்ணன் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் கேட்கும். பள்ளத்தில் இறங்கினால் வெறும் இரைச்சல்.

மத்தியானம் ஓடைப் பக்கம் கூச்சல் கேட்டு ஓடினேன். ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துவிட்டுத் திரும்பிய பெண்களோடு வந்த ஜீப், ஓடையின் நடுவில் பாறையில் சிக்கி நின்றது. மேலே பெய்த மழைத் தண்ணீர் செம்மண் நிறத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. பெண்கள் பானட்மேல் ஏறி, ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு நின்றார்கள். தண்ணீருக்குப் பயந்து முன்னாலேயே இறங்கிவிட்ட ஒரு பெண் மட்டும் என் பக்கத்துக் கரையில் இருந்தாள்.

"அண்ணே, எங்கக்கா அதுல நிக்குது. கையில வச்சிருக்கீகளே, அதுல சொல்லுங்கண்ணே!"

"இங்க பேசாதும்மா. மேட்டுக்குப் போகணும்."

"எங்கள விட்டுட்டு ஓடுறீகளா?" என்று கத்தினாள். திரும்பிப் பார்க்காமல் ஏறினேன்.

மேட்டில் நின்று பட்டனை அழுத்தி, நடந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். மழையில் நனைந்த பாட்டரி. செட்டின் சிவப்பு விளக்கு மங்கிப்போயிருந்தது.

"அப்பு, நீ பேசுறது ஒண்ணும் வெளங்கல. அழுத்துற சத்தம் மட்டுந்தான் டப்புன்னு கேக்குது" என்றார் அண்ணன்.

திரும்பச் சொன்னேன். அதே பதில்தான்.

"சரி, பேசாத. நான் கேக்குறேன். ஆமான்னா ஒரு தட்டு, இல்லேன்னா ரெண்டு. உனக்கு அடி பட்டுருச்சா?"

ரெண்டு தட்டினேன்.

"வேற யாருக்காச்சும் ஆபத்தா?"

ஒன்று.

"யானையா?"

ரெண்டு.

"வெள்ளமா?"

ஒன்று.

"பஸ்சா, ஜீப்பா?"

இதற்கு எத்தனை தட்டுவது? கட்டைவிரலைப் பட்டனிலிருந்து எடுத்துவிட்டேன். கீழே யாரோ அலறினார்கள்.

"தப்பாக் கேட்டுட்டேன். ஜீப்பா?"

ஒன்று.

"குரங்கணி தாண்டி மேல ஓடையிலயா?"

ஒன்று.

"கயித்தோட தீயணைப்பு வண்டிய அனுப்பட்டுமா?"

அழுத்தினேன். விளக்கு அணைந்தது. அதன்பின் செட்டில் இரைச்சல்கூட இல்லை.

கீழே இறங்கியதும் அந்தப் பெண் என் முகத்தையே பார்த்தாள். "வர்றாகளா?"

"வர்றாங்க" என்றேன். வருவார்களா என்று எனக்கே தெரியாது.

சத்தம் கேட்டு வந்த தோட்டத்து ஆட்கள் மூட்டை கட்டும் கயிற்றை முறுக்கி வீசினார்கள். டிரைவர் அதைப் பிடித்து வண்டியில் கட்டினார். இழுத்த வேகத்தில் அறுந்தது. ஜீப் ஒருமுறை அசைந்து, பின்பக்கம் தாழ்ந்தது. அதற்குமேல் பார்க்க முடியாமல் நான் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தீயணைப்பு வண்டி குரங்கணிக்குமேல் ஏற முடியாமல் நின்றுவிட, ஆட்கள் வடக்கயிற்றைத் தோளில் சுமந்து ஓடிவந்தார்கள். பெண்களை ஒவ்வொருவராக இழுத்துக் கரை சேர்த்தார்கள். அக்காவும் தங்கையும் சேற்றில் உட்கார்ந்து அழுதார்கள். கடைசியாக டிரைவர் வந்தார். அவர் கரையேறி முகம் துடைப்பதற்குள் ஜீப் உருண்டே போய்விட்டது.

சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போனேன். அண்ணன் எழுந்து வந்து என் ஈரச்சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசிக் கேள்விக்கு என்ன தட்டுன?"

"ஒண்ணு. கேக்கலையா?"

"ஒண்ணுமே வரல. வர்றது வரட்டும்னு அனுப்பிட்டேன்."

வண்டி வீணாகப் போயிருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். இரண்டு பேரும் வாங்கிவைத்த டீயைக் குடிக்காமலே உட்கார்ந்திருந்தோம்.

ஓடைப்பள்ளங்களில் செட் பேசாது, ஈரத்தில் பாட்டரி நிற்காது, சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்ப மலைமேல் ஒரு ரிலே நிலையம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். அது வருவதற்குள் இன்னும் சில மழைக்காலங்கள் போயின. அதுவரை அந்தச் சரிவுக்கு டூட்டி போகும்போதெல்லாம் மாற்றுப் பாட்டரியைப் பாலிதீனில் சுற்றி, சட்டைக்குள் வைத்துக்கொண்டுதான் ஏறினேன்.