இறக்கி வைக்காத கலயம்

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் வாசல் தாண்டியதும் தலையை இடித்துக்கொள்வார்கள். இடிப்பது ஒரு மண் கலயத்தில். நடுவீட்டு விட்டத்திலிருந்து கயிற்று உறியில் தொங்குகிறது. கலயத்தின் வாயில் ஒரு மஞ்சள் துணி கட்டியிருக்கிறது. அது மஞ்சள் துணி என்று நான் சொன்னால்தான் தெரியும். "இந்தச் சட்டியக் கொஞ்சம் ஓரமா மாட்டுனா என்னா கொறஞ்சிரும்?" என்று என் மனைவி கேட்காத வாரம் கிடையாது. ஓரத்து மரத்துக்கு வலு இல்லை. கீழே வைக்கவோ கூடாது. ஏன் கூடாது என்று சொல்லப் புகுந்தால் என் பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பேச்சை எடுத்தாலே எனக்கு எரிச்சல் வந்துவிடும். அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது. எரிச்சல் மட்டும் இன்னும் போகவில்லை.

பெரியப்பா என் அப்பாவுக்கு அண்ணன். பெண்டாட்டி பிள்ளை கிடையாது. எங்கள் ஊரிலிருந்து நாற்பது பேரை இலங்கையில் கண்டிச்சீமைக்குக் கோப்பித் தோட்ட வேலைக்குக் கூட்டி வந்தவர் அவர்தான். காப்பியை இங்கே கோப்பி என்பார்கள். ஊரில் அப்போது இரண்டு வருடமாக மழை இல்லை. கடல் தாண்டப் பயந்தவர்களிடம் அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "ஒரே வருசம். பழத்தைப் பறிச்சுக் குடுத்துட்டுத் திரும்பிருவோம்." புறப்பட்ட அன்று எங்கள் குலசாமி கருப்பர் கோயிலடியில் ஆளுக்கு ஒரு பிடி செம்மண் அள்ளிக் கலயத்தில் போட்டார்கள். பிடிமண் என்பார்கள். சாமியைக் கூட்டிப் போக வேண்டுமானால் அந்த மண்ணைக் கொண்டுபோக வேண்டும். எந்த இடத்தில் அது தரையில் இறங்குகிறதோ அந்த இடத்தில் சாமி உட்கார்ந்துவிடும்; பிறகு கிளப்ப முடியாது. அதனால் தோணியில் பெரியப்பா அதை மடியில் வைத்துக்கொண்டார். மன்னார்க் காட்டுப் பாதை முழுவதும் தலையில் சுமந்தார். அவர் சாப்பிடும்போது அப்பா வாங்கிக்கொள்வார். அவர் தூங்கும்போது அப்பா அதை மடியில் வைத்துக்கொண்டு விழித்திருப்பார். மாத்தளையைத் தாண்டி அக்குறணைக்கு வந்தபோது ஒரு கடைக்காரர் இரக்கப்பட்டு, "அத இப்படி வெச்சிட்டுத் தண்ணியக் குடிங்க வாப்பா" என்று கலயத்தை வாங்கக் கை நீட்டினாராம். பெரியப்பா அந்தக் கையைத் தட்டிவிட்டார். கிடைக்க இருந்த தண்ணீரும் போயிற்று. என்னை வயிற்றில் சுமந்துகொண்டு அம்மா பின்னால் நடந்து வந்தாள். அவளிடமிருந்து எதையும் வாங்கிக்கொள்ள யாரும் முன்வந்ததாகத் தெரியவில்லை.

பன்விலவுக்கு மேலே ஒரு தோட்டத்தில், மண் சுவரும் மானாப்புல் கூரையுமாக வரிசையாகக் கட்டியிருந்த லயத்தில் எங்களுக்கு ஒரு காம்பிரா, ஒற்றை அறை, கிடைத்தது. மற்றவர்கள் மூட்டையைப் பிரித்தார்கள். பெரியப்பா உறி பின்னி, ஈரம் ஏறாமலிருக்க அடுப்புக்குப் பக்கத்தில், கூரையிலிருந்து கலயத்தைக் கட்டினார். "ஒரு வருசத்துக்கு எதுக்கு எறக்கணும்? எறக்குனா இங்கயே இருந்துருவாரு. திரும்பிப் போறப்ப யாரக் கூட்டிப் போறது?" என்றார். நியாயம்தான். அந்த வருடம் நியாயம்தான். அடுத்த வருடம் அறுவடை முடிந்ததும் ஊருக்குப் போய் வந்த ஒருவன், அங்கே இன்னும் மழையில்லை என்றான். சரி, இன்னும் ஒரு வருடம். அதற்கடுத்த வருடம் துரை புதுக்காடு வெட்டினார், ஆள் வேண்டுமென்றார். சரி, இன்னும் ஒரே ஒரு வருடம். இப்படி எட்டு வருடம் கலயம் அந்தரத்தில் தொங்கியது. லயத்திலேயே உயரமான ஆள் பெரியப்பா. ஒரு நாளைக்கு நாலு தரம் அவரே அதில் இடித்துக்கொள்வார். இடித்த ஒவ்வொரு தடவையும் கன்னத்தில் போட்டுக்கொண்டு மன்னிப்புக் கேட்பார். நகர்த்திக் கட்டலாம் என்று மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை.

இதெல்லாம் அவருடைய தலையோடு போயிருந்தால் எனக்கென்ன வந்தது? என் தலைக்கும் வந்தது. எங்கள் குலத்தில் பிள்ளைக்கு முதல் முடியைக் கருப்பர் முன்னால்தான், தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் இறக்க வேண்டும். தாய்மாமன் ஊரில் இருந்தார். கருப்பர் கூரையில் இருந்தார். நாங்கள் வந்த வருடமே நான் பிறந்து, வளர்ந்து, பின்னல் போடுகிற அளவுக்குக் கூந்தலும் வளர்த்துவிட்டேன். நாவிதர் மாதம் ஒரு முறை லயத்துக்கு வருவார். எல்லாப் பையன்களும் வரிசையில் உட்காருவார்கள். நான் சடையோடு தூரத்தில் நிற்பேன். பேன் என்றால் அப்படிப் பேன். மழைக் காலத்தில் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு பழம் பறிக்கப் போனால் உள்ளே அரிக்கும். இரண்டு கையும் பழக்கூடையில் இருக்கும். ஒரு நாள் காலை ஆட்களை வரிசையில் நிறுத்தி எண்ணும் பெரட்டில் புதுத் துரை என்னைப் பார்த்துப் பெண்பிள்ளைகள் வரிசைக்குப் போகச் சொன்னார். லயமே சிரித்தது. நான் அழுதுகொண்டு அந்த வரிசையிலேயே நாலு நாள் நின்றேன். பெரியப்பாவிடம் போய் முறையிட்டால் என் சடையைத் தடவிக்கொடுத்து, "அடுத்த வருசம் ஊருல போய் எறக்கிருவோம்டா, ராசா" என்பார்.

அம்மாவுக்கு இதில் இருந்த கோபத்தைச் சொல்லி மாளாது. ஆனால் புருசனின் அண்ணனோடு நேருக்கு நேர் பேசும் வழக்கம் எங்களில் இல்லை. அதனால் அவள் அடுப்பிடம் பேசுவாள். "அடுப்பே, புள்ளைக்குத் தலையில புண்ணு வந்துருச்சு. யாருக்காவது காதுல விழுதா?" என்பாள். பெரியப்பா கூரையைப் பார்த்துப் பதில் சொல்வார். "ஊருக்குப் போனா எல்லாம் சரியாயிரும்." அப்பா அண்ணன் பேச்சைத் தட்டாத தம்பி, கம்பளியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். அம்மா லயத்துக்குப் பின்னால் ஒரு வாழைக்கன்று நட்டாள். "அது குலை தள்ளுற வரைக்கும் நம்ம இங்க இருக்கப் போறமா?" என்று பெரியப்பா அதைப் பிடுங்கி அடுத்த காம்பிராக்காரிக்குக் கொடுத்தார். அந்த வாழையின் பழத்தை அவள் எங்களுக்கே மூன்று வருடம் கொண்டுவந்து தந்தாள். அவரும் சாப்பிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் கோப்பிக்கு நோய் வந்தது. இலையைத் திருப்பினால் அடியில் செம்மஞ்சளாய் ஒரு தூள். தொட்டால் விரலில் ஒட்டும். துணியில், கம்பளியில், தலைமயிரில் எல்லாம் ஒட்டும். மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் மஞ்சள் தண்ணீரில் விளையாடியவர்கள் மாதிரி வருவார்கள். காம்பிராவுக்குள்ளும் அந்தத் தூள்தான். அம்மா விடியற்காலையில் எழுந்து அடுப்படியில் கூட்டும்போது தினமும் ஒரு சிட்டிகை செந்தூள் கிடக்கும். "எழவெடுத்த எலைத்தூளு, நேத்துத்தானே கூட்டுனேன்" என்று திட்டிக்கொண்டே அள்ளிப் போய் லயத்துக்குப் பின்னால் குப்பைமேட்டில் கொட்டுவாள். குப்பைமேட்டில் யாரும் போடாத பூசணிக்கொடி ஒன்று தானாக முளைத்துப் படர்ந்திருந்தது. அதைப் பிடுங்கப் பெரியப்பாவுக்கு அதிகாரம் இல்லை, யாரும் நட்டதல்லவே.

எனக்கு எட்டு வயது முடிந்த சமயம் ஊரில் பஞ்சம் முற்றிவிட்டது. ஒரு மத்தியான நேரம், பழம் நிறுக்கும் இடத்தில் நாங்கள் நின்றிருந்தபோது, கீழே பாதையில் பதினைந்து இருபது பேர் ஏறி வந்தார்கள். எலும்பும் தோலுமாக இருந்தார்கள். முன்னால் வந்தவர் என் தாய்மாமன். அம்மா அவரை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரமாயிற்று. அடையாளம் தெரிந்ததும் கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். புறப்பட்டவர்களில் எத்தனை பேர் வழியில் விழுந்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. எங்களில் யாரும் கேட்கவும் இல்லை.

அன்று மாலை காம்பிரா வாசலில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். கஞ்சி குடித்து முடித்ததும் மாமா நிமிர்ந்து பெரியப்பாவைப் பார்த்தார்.

"மச்சான், ஊருல வெளக்கு வைக்கக்கூட ஆளில்ல. எல்லாரும் தெசைக்கு ஒருத்தரா போயிட்டாங்க. கருப்பரு ஒங்ககிட்ட இருக்காரு, அவரப் பாத்துருவோம்னுதான் நடந்து வந்தோம். எங்க எறக்கி வச்சிருக்கீங்க?"

 பெரியப்பா கூட்டி வந்த நாற்பது பேரும், இப்போது வந்தவர்களும் அவரையே பார்த்தார்கள். ஒரு வருடம் என்று சொன்ன வாய் அது. இறக்கினால் அந்த வார்த்தை பொய் என்று ஊர் முன்னால் ஒப்புக்கொண்ட மாதிரி. அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை. என் சடை அரித்தது, அவ்வளவுதான் தெரியும். மாமா திரும்பி என்னைப் பார்த்து, "இது யாரு, பொண்ணா?" என்றார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பெரியப்பா எழுந்து உள்ளே போனார்.

உறியை அவிழ்த்துக் கலயத்தைக் கையில் வாங்கியதுமே அவர் முகம் மாறிவிட்டது. மஞ்சள் துணியைப் பிரித்தார். உள்ளே கையை விட்டார். கவிழ்த்தார். இரண்டு பல்லி முட்டைதான் விழுந்தது. கலயத்தின் அடியில் நெடுக ஒரு விரிசல். எட்டு வருடம் அவர் தலை இடித்த இடம். நாற்பது பிடி மண்ணில் ஒரு பிடிகூட மிச்சமில்லை. பெரியப்பா கலயத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குந்திவிட்டார். "சாமியத் தொலைச்சுட்டேனே" என்று அவர் அழுததைப் போல ஓர் ஆண்பிள்ளை அழுது நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

அம்மாதான் கூரையைப் பார்த்தாள். உறி தொங்கிய இடத்துக்கு நேர் கீழே தரையைப் பார்த்தாள். மூலையிலிருந்த விளக்குமாற்றைப் பார்த்தாள். பிறகு அவரை நேரே பார்த்தாள். அவரோடு அவள் நேராகப் பேசியது அன்றைக்குத்தான்.

"தொலைக்கல. நாந்தான் எறக்கிட்டேன். தெனமும் கூட்டி அள்ளிப் போய்க் கொட்டுனது எலைத்தூளில்ல, அதுதான்."

"எங்க கொட்டுன?"

"குப்பையில."

 எல்லோருமாகப் பின்னால் போனோம். பூசணிக்கொடி பூத்திருந்தது. சாம்பலும், மீன்முள்ளும், கிழிந்த கம்பளியும். பெரியப்பா, "இந்த எடத்துலயா? எட்டு வருசமா இந்த நாத்தத்துலயா?" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். மாமாவுக்கு நிற்கத் தெம்பில்லை. அங்கேயே, கொடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "நம்ம மட்டும் நல்ல எடத்துலயா மச்சான் இருந்தோம்? அவரும் கூடத்தான் இருந்திருக்காரு" என்றார். உடனே மடியைத் தட்டி என்னைக் கூப்பிட்டார். நாவிதரை அடுத்த லயத்திலிருந்து இழுத்துவந்தார்கள். பூசணிக்கொடிக்கு முன்னால், மாமாவின் எலும்பு மடி குத்தக் குத்த உட்கார்ந்து, எட்டு வருடச் சுமையை இறக்கினேன். தலையில் காற்றுப் பட்ட அந்தச் சுகத்தை என்னால் இன்றைக்கும் சொல்ல முடியும்.

அங்கே இப்போது ஒரு கல்லும் கூரையும் இருக்கின்றன. கோப்பி பட்டுப்போய்த் தேயிலை வைத்தபோதும் அந்த இடத்தை விட்டுவிட்டார்கள். வருடா வருடம் திருவிழா. கருப்பரைப் பெரியவர் கடல் தாண்டித் தலையில் சுமந்து வந்து நல்ல நாள் பார்த்துப் பிரதிட்டை செய்தார் என்று மலை கேட்கச் சொல்கிறார்கள். விளக்குமாற்றைப் பற்றி ஒரு பேச்சில்லை. அம்மா இருந்தவரை கூட்டத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். வீட்டுக்கு வந்து அடுப்பிடம் சொல்வாள்.

பெரியப்பா திருந்தினாரா? கணக்கப்பிள்ளையிடம் நாலெழுத்துப் படித்து நான் கண்டியில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் வேலைக்குச் சேர்ந்து, வாடகைக்கு இந்த வீட்டைப் பிடித்தேன். ஒரு நாள் காலை வாசலில் பெரியப்பா நிற்கிறார், தலையில் கலயம். குப்பைமேட்டு மண்ணை எடுத்து, விரிசலுக்கு மெழுகு வைத்து, பன்விலவிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். மகாவலி ஆற்றுத் துறையில் தோணிக்காரன் கீழே வைக்கச் சொன்னதற்கு அவனோடு சண்டை வேறு. "ஒனக்குன்னு சொந்தமா ஒரு வீடு கட்டுனா அங்க எறக்கு. வாடகை வீட்டுல எறக்கிராத. இங்கயே இருந்துருவாரு" என்று தானே ஏறிக் கட்டிவிட்டுத்தான் தண்ணீர் குடித்தார். நான் கத்தினேன். அன்றைக்கு அவ்வளவு பட்டும் உங்களுக்குப் புத்தி வரவில்லையா என்றுகூடக் கேட்டேன். அவர் என் வழுக்கையைத் தடவிச் சிரித்தார்.

அது நடந்து பதினொரு வருடம். "இந்த ஒரு வருசம் போகட்டும், நமக்குன்னு ஒரு எடம் பாத்துருவோம்" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். உயரத்தில் நான் பெரியப்பா மாதிரி. தினமும் நாலு தரம் இடித்துக்கொள்கிறேன்.

இன்று காலை கிட்டங்கிக்குப் புறப்பட்டபோது மனைவி நடுவீட்டைக் கூட்டிக்கொண்டிருந்தாள். "எங்கேருந்துதான் இந்தச் செம்மண் வருதோ, தெனமும் கூட்டுறேன்" என்று முணுமுணுத்தாள். நான் மேலே பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதில்லை.

"எங்க கொட்டுற?" என்று கேட்டேன்.

"பின்னால, வீட்டுக்காரம்மாவோட கித்துள் மரத்தடியில. வேற எங்க கொட்டுறது?"

செருப்பை மாட்டிக்கொண்டேன். விரிசலுக்கு மெழுகு வைக்கலாம். பெட்டியில் மெழுகு இருக்கிறது.

"அங்கயே கொட்டு" என்றேன். "எடத்த மாத்திராத."