ஆவணியில் எண்ணிய குளம்

எங்கள் ஊர்க் குளம் ஒன்று தூர்ந்துபோனதற்கு நான் காரணம். இதை நான் இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

தென்மராட்சியில் முப்பது வருடம் விலங்கியல் கற்பித்தேன். ஓய்வுபெற்ற பிறகு கோயில் சபையார் வந்தார்கள். வாகனத் தரிப்பிடத்துக்காகப் பக்கத்துக் குளத்தைத் தூர்க்க வேண்டும். அங்குள்ள உயிரினங்கள் பற்றி ஓர் அறிக்கை தந்தால்தான் அரசாங்கக் கந்தோரில் அனுமதிப்பார்கள். ஐப்பசியில் மகளிடம் கனடா போவதற்கு நான் டிக்கெட் எடுத்திருந்தேன். அதனால் ஆவணியிலேயே கணக்கெடுத்தேன்.

ஆவணியில் எங்கள் குளங்களில் தண்ணீர் இராது. வெடித்த சேற்றில் கயிறு கட்டி, சதுரம் சதுரமாகப் பார்த்தேன். குளக்கரையில் குடியிருக்கும் பெண் ஆட்டுக்குப் புல்லுச் செருக்க வந்தவள், நின்று பார்த்தாள்.

“என்ன மாஸ்ரர், பந்தல் பிரிச்சாப்பிறகு வந்து கலியாணச் சனத்தை எண்ணுறியளோ?”

“தந்த வேலையைச் செய்யிறன், பிள்ளை.”

“மாரியிலை வாங்கோ. தவளை கத்திற கத்திலை நித்திரை கொள்ளேலாது.”

“ஓம், வாறன்.”

போகவில்லை. ஆமையும் தவளையும் சேற்றுக்குள் கிடக்கின்றன, அல்லிக் கிழங்கு மழைக்குக் காத்திருக்கிறது, தண்ணீரோடு பறவைகள் வரும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஓரிடத்தின் உயிர்ப் பல்வகைமையை ஒரு நாளில் அளக்க முடியாது என்று மாணவருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். கண்டதை மட்டும் எழுதினேன். அதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. பட்டியல் அரைப் பக்கம் வந்தது.

கனடாவிலிருந்து திரும்பியபோது குளம் இருந்த இடத்தில் கிரவல் மண் பரவியிருந்தது. மழைத் தண்ணீர் நிலத்துக்குள் இறங்கி உப்புநீரைத் தள்ளி வைக்க வேறு வழி இருக்கவில்லை. மூன்றாம் கோடையில் அந்தப் பெண்ணின் கிணறு உவராகிவிட்டது. மிளகாய்க் கன்றுகள் கருகின.

போன மாதம் அவள் என் வீட்டுக்கு வந்தாள்.

“குளத்தைத் திரும்பத் தோண்டித் தரச் சொல்லி ஒரு பெட்டிசம் எழுதித் தாங்கோ, மாஸ்ரர். குளத்திலை ஒண்டுமில்லையெண்டு கந்தோரிலை பேப்பர் கிடக்காம். நீங்கள் எண்ணி எழுதினதை உந்தக் கோயில் சபையார் மாத்திப்போட்டினம்.”

நான் தாள் எடுத்து வந்தேன். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்: ஆமை, விரால், காட்டுத்தாரா, தவளையில் மட்டும் நாலு வகை. இரண்டு பக்கம் தாண்டியது. அவள் கீழே தன் பெயரை எழுதிவிட்டுப் பேனையை என்னிடம் நீட்டினாள்.

“நீங்களும் ஒரு கையெழுத்து வையுங்கோ. மாஸ்ரர் சொன்னால் நம்புவினம்.”

“உது உம்மடை பெட்டிசம், பிள்ளை” என்று சொல்லி, மடித்து அவள் கையில் கொடுத்தேன்.