அப்பாவுக்கு விழுந்த இரண்டு அறை

காலையில் உங்கள் அம்மா தன் கையில் உட்கார்ந்த கொசுவைப் பட்டென்று அடித்தாள். என் தலை தானாகவே குனிந்துவிட்டது. நீங்கள் சிரித்தீர்கள்.

ஜப்பான்காரன் காலத்தில், மலாயாவின் சாஆ ஊரில் எங்கள் ரப்பர் தோட்டத்து வாசலில் நின்ற சிப்பாயை எல்லோரும் குனிந்து வணங்க வேண்டும். தோளில் வைத்த காண்டாக் கம்பின் இரு முனையிலும் தண்ணீர் வாளிகளைத் தொங்கவிட்டுச் சுமந்து வந்த என் அப்பா, தண்ணீர் சிந்துமே என்று பாதிதான் குனிந்தார். என் கண்ணெதிரே, என் தங்கை கண்ணெதிரே, சிப்பாய் அவரை அறைந்தான்.

மறுநாள் அதையே விளையாடினோம். நான் சிப்பாய். ஆறு வயது உங்கள் அத்தை, குச்சியில் இரண்டு கொட்டாங்கச்சி தொங்க, அப்பாவாக வந்தாள். "குனிடா!" என்று அறைந்தேன். அவள் அழவில்லை.

"அண்ணே, அப்பாவுக்கு ரெண்டு விழுந்துச்சு. இன்னொண்ணு அடி."

பலமாகவே அடித்தேன், பிள்ளைகளே. அப்புறம்தான் அப்பா பின்னால் நிற்பதைப் பார்த்தேன். இன்றைக்கும் உங்கள்மேல் கை ஓங்கப் போகும்போதெல்லாம் அவர் வந்து நிற்கிறார்.