சாட்சிக்கு வளர்த்த பாசி

கனகேஸ்வரிக்குக் கடதாசியில் இருந்த நம்பிக்கை கடவுளில்கூட இருந்ததோ தெரியாது. கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் கொம்பனியில் இருபத்துமூன்று வருடம் ரைப் அடித்தவள். எதையும் எழுதி, திகதி போட்டு, கையெழுத்து வாங்கி வைத்துவிட்டால் உலகம் ஒழுங்காக நடக்கும் என்பது அவளுடைய எண்ணம். கொழும்பில் தங்கும் தமிழர் எடுக்கவேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டு, தண்ணீர் பில், தம்பி சிவபாலனின் அடையாள அட்டைப் பிரதி என்று வெள்ளவத்தை ஃபிளாட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு கோப்பு இருந்தது. கல்யாணம் மட்டும் எந்தக் கோப்பிலும் ஏறவில்லை. "சாதகம் பொருந்தேல்லை" என்று கேட்டவர்களுக்குச் சொல்லுவாள். பிறகு பிறகு கேட்கவும் ஆளில்லாமல் போனது.

அந்தக் கடல்மீன் தொட்டி அவள் ஆசைப்பட்டு வாங்கியதல்ல. மேல்மாடியில் இருந்த கிளறன்ஸ் என்ற பறங்கிக்காரர் மெல்பேணுக்குக் குடிபோகும்போது, விற்க மனம் வராமல் அவளுடைய முன்னறையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். நாலடி நீளக் கண்ணாடி. உள்ளே உப்புத் தண்ணீர், கற்கள், கற்களில் ஒட்டிக்கொண்டு பூப்போல விரிந்து சுருங்கும் பவளங்கள், வெள்ளைப் பட்டி போட்ட செம்மஞ்சள் மீன் இரண்டு. 'எனக்கு ஏன் இந்த வில்லங்கம்' என்று முதலில் முணுமுணுத்தாள். ஒரு மாதம் போகவில்லை, கந்தோரால் வந்து சீலை மாற்றமுதல் தொட்டிக்கு முன்னால் போய் நிற்கத் தொடங்கிவிட்டாள்.

அப்போதுதான் பாசி பிடித்தது. கற்களில் பச்சை மயிர் முளைத்த மாதிரி. கொட்டாஞ்சேனையில் மீன்கடை வைத்திருந்த செபஸ்தியனிடம் போய்க் கேட்டாள்.

"மிஸ், சாப்பாடும் கூட, லைட்டும் கூட. ரெண்டையும் குறைங்க. ஒரு நாளைக்கு ஏழு மணித்தியாலத்துக்கு மேல லைட் எரியக் கூடாது. ஞாயித்துக்கிழமையில கையால புடுங்கி, கல்ல பிரஷ்ஷால உரஞ்சி, தண்ணியில கால்வாசிய மாத்துங்க. அதுக்குப் பொறகும் வந்தா எங்கிட்ட சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை வேலை எல்லாம் ஒழுங்காக நடந்தது. லைட்தான் சரிவரவில்லை. காலை ஆறரைக்குப் போட்டுவிட்டுப் போனால் அவள் திரும்பிவர மாலை ஆறு. கனடா போகும் அலுவலுக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அவளோடு தங்கியிருந்த சிவபாலனிடம், ஒன்றரைக்கு நிறுத்து என்று சொன்னால் அவன் தலையை ஆட்டுவான், மறந்துபோவான். முப்பத்திரண்டு வயது, சாப்பிடச் சொல்லியும் ஞாபகப்படுத்த வேண்டிய பிறவி.

"தம்பி, புறக்கோட்டையிலை ரைமர் எண்டு ஒண்டு விக்குதாம். தன்ரபாட்டிலை லைற்றைப் போட்டு நூர்க்குமாம். ஒண்டு வாங்கிக்கொண்டு வா."

"அக்கா, உனக்கென்ன விசரே? இந்த நாளையிலை நான் ரைமரோடை திரியிறதே?"

"மீனுக்குத்தானேடா. பில்லை வாங்கிப் பெட்டிக்குள்ளை வை. ஆரும் கேட்டால் காட்டலாம்."

பில்லாம் பில்! இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு. பஸ்ஸில் தனியாக ஒரு பை கிடந்தால் குண்டென்று முழு காலி வீதியும் ஓடுகிற காலம். அந்தக் காலத்தில் ஒரு யாழ்ப்பாணத்துப் பெடியனுக்குப் பில் காவலாம். இதைச் சொன்னவள் படித்தவள்.

சனிக்கிழமை வாங்கி வந்தான். பிளக் இந்தச் சுவரில் பொருந்தவில்லை. வேறொன்று வாங்கவேண்டும் என்று பெட்டியோடு தன் பைக்குள் வைத்தான். ஞாயிற்றுக்கிழமை கனகேஸ்வரி தொட்டிக்கு முன்னால் மூன்று மணித்தியாலம் குந்தியிருந்து ஒரு மயிர் விடாமல் பிடுங்கினாள். செவ்வாய் விடியப் பொலிசும் ஆமியும் சுற்றிவளைத்து வீடு வீடாகச் சோதித்தார்கள்.

சிவபாலனின் பை திறபட்டதும் ரைமர் பெட்டி வெளியே வந்தது. அவள் சிங்களத்தில் சொன்னாள், மீன் தொட்டிக்கு, பாசி வராமலிருக்க, உள்ளே பில் இருக்கிறது என்று. ஒருவன் தொட்டியில் ரோர்ச் அடித்துப் பார்த்தான். தண்ணீர் பளிங்குபோலக் கிடந்தது. "பாசி எங்கே?" என்று கேட்டான். சிவபாலனைச் செருப்புப் போடவும் விடாமல் கொண்டுபோனார்கள்.

பொலிஸ் நிலையத்தில் இருந்த எஸ்.ஐ. கத்தாமல்தான் கதைத்தார்.

"தொட்டி சுத்தமாக இருந்ததாம். பாசியே இல்லாத தொட்டிக்கு ரைமர் எதற்கு?"

"ஞாயிற்றுக்கிழமைதான் துப்புரவாக்கினேன், சேர். ஒரு கிழமை விட்டால் திரும்ப வரும். நீங்களே வந்து பாருங்கள்."

"ஹரி, சரி. வந்து பார்க்கிறோம். பார்த்து எழுதினால் அவருக்கு நல்லது."

அன்றிலிருந்து அவள் தொட்டியில் கை வைக்கவில்லை. இவ்வளவு நாளும் எதை ஒழிக்க வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றாளோ அதை வளர்த்தாள். லைட்டை நாள் முழுக்க எரியவிட்டாள். வற்றுகிற தண்ணீரை மட்டும் நிரப்பினாள். இரண்டாம் கிழமை கற்கள் பச்சையாயின. திகதி போட்டுப் படம் எடுத்து, கடிதம் ரைப் அடித்து, பதிவுத் தபாலில் அனுப்பினாள். படம் எங்கேயும் எடுக்கலாம், நேரில்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். எப்போது வருவீர்கள் என்று கேட்டால், வருவோம் என்றார்கள். கிழமைக்கொருமுறை நிலையத்துப் படியேறி இறங்கினாள்.

சிவபாலனைத் தெற்கே ஒரு தடுப்பு முகாமுக்கு மாற்றியிருந்தார்கள். மாதத்தில் ஒருநாள், கம்பிவலைக்கு அப்பால், பத்து நிமிடம். மெலிந்துபோயிருந்தான். அக்கா எப்படி என்று அவன் கேட்பதில்லை.

"வந்து பாத்தவங்களோ?"

"இன்னும் இல்லைத் தம்பி."

"பாசி வந்திட்டுதோ?"

"வந்திட்டுது. நல்லாய் வந்திட்டுது."

"கழுவிப்போடாதை, அக்கா. அவங்கள் வருமட்டும் கழுவிப்போடாதை."

நீதான் வாங்கச் சொன்னாய் என்று அவன் ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்கு அழுகையாவது வந்திருக்கும். திரும்பி வருகிற ரயிலில் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒன்றும் தோன்றாது. வெள்ளவத்தை வந்ததும் இறங்குவாள், பாண் வாங்குவாள், வீட்டுக்குப் போவாள்.

பவளங்கள் ஒவ்வொன்றாக விரிவதை விட்டன. பாசி மேலே படர்ந்து மூட, கீழே சுருங்கிக் கரைந்துபோயின. சிவபாலனைக் கொண்டுபோன நாலாம் மாதம் செபஸ்தியன் அந்தப் பக்கம் வந்தவர் எட்டிப் பார்த்தார்.

"ஐயோ மிஸ், என்ன பாவம் இது! கையால புடுங்கினாலே பாதி போயிடுமே. உங்களுக்கு ஏலாட்டி நான் செய்யிறேன், வெலகுங்க."

"தொடாதேங்கோ!" என்று கத்தினாள். அவள் இவ்வளவு சத்தம் போடுவாள் என்று அவளுக்கே தெரியாது. பிறகு விஷயத்தைச் சொன்னாள். அவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

"சரி, பாசி கெடக்கட்டும். மீன் ரெண்டையும் நான் கடைக்குக் கொண்டு போறேன். இந்தத் தண்ணியில இருந்தா செத்துடும்."

"மீனில்லாத தொட்டியை ஆர் நம்புவினம்? நிக்கட்டும்."

ஒன்று ஏழாம் மாதம் செத்தது, மற்றது எட்டாம் மாதம். வடியால் அள்ளிக் குப்பைப் பைக்குள் போட்டுக் கட்டிவிட்டுக் கந்தோருக்குப் போனாள். அன்று அடித்த கடிதங்களில் ஒரு பிழையும் இல்லை. புது மீன் வாங்கப் போனபோது செபஸ்தியன் முகத்துக்கு நேரே சொன்னார்: "சாகுறதுக்கு மீன் குடுக்க மாட்டேன் மிஸ், கோவிக்காதீங்க." அவள் கோபிக்கவில்லை. கோபிக்கிறதுக்கும் ஒரு தெம்பு வேண்டும்.

பதினோராம் மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் கதவைத் தட்டினார்கள். புது எஸ்.ஐ., இளம் ஆள், மரியாதை தெரிந்தவர். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கனகேஸ்வரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "இதுதான், சேர், பாருங்கள், எவ்வளவு பாசி!" என்று தொட்டியைக் காட்டினாள். கலியாண வீட்டில் பலகாரத் தட்டைக் காட்டுகிற மாதிரிக் காட்டினாள் என்று பிறகு நினைத்தபோது வெட்கமாயிருந்தது.

அவர் குனிந்து பார்த்தார். நாலு பக்கக் கண்ணாடியிலும் பச்சை. விரலால் தட்டிப் பார்த்தார். உள்ளே எதுவும் அசையவில்லை.

"மீன் எங்கே?"

"இருந்தது, சேர். செத்துவிட்டது."

"பவளம் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள்."

"அதுவும் இருந்தது, சேர்."

அவருக்கு மனம் கேட்கவில்லை என்றே சொல்ல வேண்டும். பேனையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் யோசித்தார். "நோனா, நான் பார்த்ததைத்தானே எழுதலாம்" என்றார். எழுதி, கையெழுத்துக்கு நீட்டினார். அவள் சிங்களத்தை எழுத்துக்கூட்டி வாசித்தாள். மீனோ வேறு உயிரோ இல்லை. நெடுநாள் பாவிக்காத, அழுக்குத் தண்ணீர் நிற்கும் ஒரு கண்ணாடிப் பெட்டி. ரைமர் தேவைப்படுகிற தொட்டியாகத் தெரியவில்லை. அடித்தல் திருத்தல் இல்லை, திகதி சரி. போடாவிட்டால் திரும்ப ஒருவர் வர எத்தனை மாதமாகுமோ என்ற பயத்தில் கையெழுத்துப் போட்டாள்.

அவர் வாசலில் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். கனகேஸ்வரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சேர், இனி இதைக் கழுவலாமா?"

அவர் நிமிர்ந்து அவளை விளங்காமல் பார்த்தார்.

"உங்களுடைய தொட்டிதானே, நோனா. கழுவ வேண்டாமென்று யார் சொன்னது?"