பள்ளிக்கு வந்துபோன அப்பா

ஆனி கடைசியில் வடக்கே மழை பிடித்துக்கொண்டால் ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற ரிக் வண்டிகளுக்கு வேலை நின்றுவிடும். கரிசல் மண் இளகிப்போய், போர் போடுகிற வண்டியை எந்தக் காட்டுக்குள்ளும் இறக்க முடியாது. வண்டிகளெல்லாம் திருச்செங்கோட்டுக்குத் திரும்பி மழை ஓயும்வரை பட்டறைகளில் நிற்கும். கூடவே நாங்களும் ஊர் வந்து சேர்வோம். நான் ஒரு வண்டிக்கு மேனேஜராக மத்தியப் பிரதேசத்தில் இருந்தேன். மேனேஜர் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். போர் போட ஆள் பிடிப்பது, டீசல் வாங்குவது, வேலையாட்களுக்கு அரிசி பருப்பு பார்ப்பது, அவர்களுக்குள் சண்டை வந்தால் விலக்கிவிடுவது, அவ்வளவுதான்.

அந்த வருடம் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது என் மகன் கண்ணாடி முன்னால் நின்று தலை சீவிக்கொண்டிருந்தான். பத்தாம் வகுப்புக்குப் போயிருந்தான். என்னைவிட உயரமாகியிருந்தான். திரும்பிப் பார்த்து "வாங்கப்பா" என்றான், வீட்டுக்கு வந்த விருந்தாளியை வரவேற்பதுபோல. பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டான். நான் குளித்துவிட்டுப் படுத்தவன் சாயங்காலம்தான் எழுந்தேன். ஊர் வந்தால் முதலில் வருவது தூக்கம்தான். எத்தனை தூங்கினாலும் காதுக்குள் ரிக் வண்டியின் கம்ப்ரஷர் ஓடிக்கொண்டே இருக்கும்.

என் மனைவி விசைத்தறிக்குப் போகிறவள். காலையில் போனால் இருட்டுகிற நேரத்துக்கு வருவாள். ஒருநாள் லீவு கேட்டால் தறி நிற்கும், தறிக்காரர் முகம் சுளிப்பார். அவள்தான் சொன்னாள்.

"ஏனுங்க, சும்மாதான இருக்கறீங்க. ஒருக்கா பள்ளிக்கூடம் போயி டீச்சரப் பாத்துட்டு வாங்க. டியூசன் வெக்கோணுமான்னு கேளுங்க."

சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். அவனுடைய வகுப்பு டீச்சர் ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. ஆத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. மகன் பெயரைச் சொல்லி, நான் அவனுடைய அப்பா என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார். பக்கத்து மேசையிலிருந்த இன்னொரு டீச்சரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, மெதுவாகத்தான் கேட்டார்.

"உண்மையைச் சொல்லுங்க. உங்கள யாரு அனுப்பினது?"

எனக்குப் புரியவில்லை. நான்தான் அவனுடைய அப்பா என்று மறுபடியும் சொன்னேன்.

"அவங்க அப்பா போன மாசம்கூட வந்துட்டுப் போனாரே. போன வருசம் ஒம்பதாவதுலயும் வந்தாரு. எனக்கு அவரை நல்லாத் தெரியும்."

யாரோ என்று நினைத்துக் குழப்பிக்கொள்கிறார் என்றுதான் முதலில் எண்ணினேன். வகுப்பைச் சொன்னேன், தெருவைச் சொன்னேன், அவனுடைய அம்மா பெயரைச் சொன்னேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பையன்கள் இதையெல்லாம் சொல்லிக்கொடுத்துத்தான் ஆளை அனுப்புகிறார்கள் என்றார். கோபமே இல்லை அவரிடம். இந்த மாதிரி எத்தனையோ பார்த்துச் சலித்த முகம்.

செல்போனை எடுத்து நானும் அவனும் சேர்ந்திருக்கிற படம் ஒன்றைத் தேடினேன். போரில் தண்ணீர் பீய்ச்சுகிற படங்கள், வண்டி சேற்றில் மாட்டிய படங்கள், யார் யாருடைய கிணற்றுமேடோ. தள்ளிக்கொண்டே போய்க் கடைசியில் ஒன்று கிடைத்தது. முடியிறக்கி மொட்டைத்தலையோடு அவன் என் தோளில் உட்கார்ந்திருந்தான். முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. டீச்சர் அதை வாங்கிப் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். இதில் எப்படிங்க அடையாளம் கண்டுபிடிக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, அவனையே கூட்டிவரச் சொல்லி ஆளனுப்பினார்.

அவன் வந்து வாசலில் நின்றான். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. டீச்சர் என்னைக் காட்டி, இவர் யார் என்று கேட்டார். அவன் தரையைப் பார்த்தான். அவர் மறுபடியும் கேட்டார். அந்த அறையில் இருந்த எல்லோரும் திருத்துவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன், என்ன சொல்லப்போகிறான் என்று எனக்கும் தெரியாததுபோல.

"எங்கப்பாங்க மிஸ்" என்றான்.

அதற்குப் பிறகுதான் டீச்சர் எனக்கு நாற்காலி காட்டினார். அவனை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். காலையில் வருகைப்பதிவு முடிந்ததும் பின்சுவர் ஏறிக் குதித்துவிடுகிறான். உதட்டுக்கு அடியில் வைக்கிற புகையிலைப் பொட்டலம் அவன் பையில் இருந்தது. கண்டித்ததற்காக விளையாட்டு ஆசிரியரின் வண்டி டயரைக் கிழித்ததில் அவனும் ஒருவன். பக்கத்துத் தெருப் பையனை செல்போனில் வைத்த ஏதோ ஒரு ஸ்டேட்டஸுக்காக மூன்று பேர் சேர்ந்து அடித்ததில் அந்தப் பையனுக்குப் புருவத்தில் தையல். ஒவ்வொரு முறையும் அப்பாவைக் கூட்டி வா என்றிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ஒருவர் வந்திருக்கிறார். பள்ளியில் கொடுத்திருந்த எண்ணும் அவருடையதுதான். எல்லா அழைப்பும் அவருக்குத்தான் போயிருக்கிறது.

"நல்ல மனுசன்னுதான் நெனச்சேன். கடைசியா வந்தப்ப இந்த இடத்துலயே வெச்சுப் பையனைப் போட்டு அடிச்சாரு. நான்தான் போதும் விடுங்கன்னு தடுத்தேன்."

எதனால் இப்படி ஆனான் என்று அவரிடம் கேட்டேன். எங்களுக்குப் பயிற்சியில் நிறையக் காரணம் சொல்லித் தருகிறார்கள் என்றார். செல்போன், சேர்க்கை, வீட்டில் குடி, படிப்பு ஏறாமல் போவது, வயசு. எல்லாமே சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் அதே வீட்டில், அதே தெருவில், ஒழுங்காகப் படிக்கிற பையனும் இருக்கிறானே என்றார். சொல்லிவிட்டு மூடி வைத்த பேனாவைத் திறந்தார். திருத்த வேண்டிய தாள்கள் இன்னும் கட்டாக இருந்தன.

வெளியே வந்தேன். அவன் புத்தகப்பையோடு பின்னால் வந்தான். பைக்கில் ஏறச் சொல்லி, அந்த ஆள் எங்கே என்று மட்டும் கேட்டேன். வழி சொன்னான்.

சங்ககிரி ரோட்டில் ஒரு பஞ்சர் கடை. முன்னால் பழைய டயர்களை அடுக்கி வைத்திருந்தார்கள். ஒல்லியான ஆள், என் வயதுதான் இருக்கும். ட்யூபைத் தொட்டித் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தவர், பையனையும் என்னையும் சேர்த்துப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்தார். வழியெல்லாம் சட்டையைப் பிடித்து நாலு கேள்வி கேட்பது என்றுதான் வந்திருந்தேன். கிட்டே போனபோது கை எழவில்லை. உட்காருங்க என்று ஒரு ஸ்டூலைத் தள்ளினார். உட்கார்ந்தேன்.

அவரே சொன்னார். சுவர் ஏறிக் குதிக்கிற பையன்கள் வெயிலுக்கு அவர் கடையில்தான் வந்து உட்காருவார்களாம். போங்கடா என்றால் போவார்கள், கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவார்கள். முதல் தடவை இவன் கேட்டபோது முடியாது என்று சொல்லிவிட்டாராம். அப்பா வராமல் வகுப்பில் சேர்க்க மாட்டேன் என்கிறார்கள் என்று கடையிலேயே நின்றுகொண்டிருந்தானாம். இப்படியே விட்டால் படிப்பே போய்விடுமே என்று சட்டையை மாற்றிக்கொண்டு போயிருக்கிறார்.

"தப்புத்தானுங்க. ஒருக்கா போனதுக்கு அப்பறம் நிறுத்த முடியலீங்க. டீச்சரு போன் பண்ணுனா எடுக்காம எப்படீங்க இருக்கறது?"

"அடிச்சது எதுக்குங்க?" என்று கேட்டேன்.

அவர் பையனைப் பார்த்தார். பிறகு கீழே பார்த்தார்.

"அவந்தானுங்க அடிக்கச் சொன்னான்."

இனிமேல் போகாதீங்க, போன் வந்தால் என் நம்பரைக் கொடுங்க என்று சொல்லிவிட்டு எழுந்தேன். சரிங்க, சரிங்க என்று ரோடு வரைக்கும் கூடவே வந்தார்.

வருகிற வழியில் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினேன். ஏரி என்று பெயர்தான், சீமைக்கருவேல்தான் நிறைந்திருந்தது. அங்கேதான் அவனைக் கேட்டேன். அம்மாவைக் கூப்பிட்டிருக்கலாமே, எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே என்று. அம்மா லீவு போட்டால் தறிக்காரர் திட்டுவார் என்றான். எனக்குப் போன் செய்தால் எப்போதும் வண்டிச் சத்தம்தான் கேட்கும், நான் அப்புறம் பேசுகிறேன் என்பேன் என்றான். அதைக் குறையாகச் சொல்லவில்லை. பஸ் இந்த நேரத்துக்கு வரும் என்று சொல்வதைப்போலச் சொன்னான்.

"அவர எதுக்குடா அடிக்கச் சொன்ன?"

பை வாரைத் திருகிக்கொண்டே இருந்தான்.

"மத்த பசங்க அப்பா எல்லாம் வந்தா அடிப்பாங்கப்பா. அடிக்கலைனா மிஸ் நம்ப மாட்டாங்கன்னு நெனச்சேன். நீங்க வந்தா என்ன பண்ணுவீங்கன்னு எனக்குத் தெரியலை."

நானும் யோசித்துப் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை. அப்போதும் எதுவும் செய்யவில்லை. வெயில் தாழ்கிறவரை இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

வீட்டில் சொன்னபோது என் மனைவி அழவில்லை. தறியிலிருந்து வந்தவள், தலையில் பஞ்சுத்தூசியோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து முழுவதையும் கேட்டாள். இத்தனை நாளாகத் தினமும் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பினேனே, அதை எங்கே உட்கார்ந்து தின்றான் என்று கேட்டாள். பிறகு எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். அவளுடைய அண்ணன் வந்து எல்லாம் செல்போன்தான் என்றார், பிடுங்கி வைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரர் சேர்க்கை சரியில்லை என்றார். எடப்பாடியிலிருந்து என் தங்கை போனில் பேசி, ஆம்பளை இல்லாத வீடு இப்படித்தான் ஆகும் என்றாள். என் மனைவி அதற்கு மட்டும் பதில் சொன்னாள். நம்ம தெருவில் யார் ஊட்டில் ஆம்பளை இருக்கிறான், ரிக்கில் இல்லையென்றால் லாரியில், எல்லாப் பிள்ளையுமா டயரைக் கிழிக்கிறது என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள்.

அதன்பிறகு தினமும் நானே அவனைப் பள்ளிக்கூடத்தில் விட்டேன், நானே கூட்டி வந்தேன். தையல் போட்ட பையன் வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்டோம். அவனுடைய அம்மா எங்களை உட்காரச் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. சில வாரம் எல்லாம் சரியாகத்தான் போனது. ராத்திரி சாப்பிடும்போது என்னிடம் வடக்கத்தி ஊர்களைப் பற்றிக் கேட்பான். நான் சொல்வேன். இனிப் பிரச்சினை இல்லை என்று நினைத்த நேரத்தில் டீச்சர் போன் செய்தார். இப்போது என் எண்ணுக்கு. வருகைப்பதிவு முடிந்ததும் மறுபடியும் சுவர் ஏறிவிட்டான். வாசலில் அவனை இறக்கிவிட்டு நான் வீடு திரும்பி, வேட்டியைக்கூட மாற்றியிருக்கவில்லை.

அன்றைக்குத்தான் எனக்கு உண்மையான அசதி வந்தது. கூட இருந்தால் போதும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். கூட இருந்தும் சுவர் அப்படியேதான் இருந்தது. போய் டீச்சர் முன்னால் உட்கார்ந்தேன். அவர் டீ வரவழைத்துக் கொடுத்தார். இரண்டு பேரும் டீயைக் குடித்தோம்.

புரட்டாசி கடைசியில் வண்டி கிளம்பியது. போகாமல் இருந்துவிடலாமா என்று நானும் என் மனைவியும் பல நாள் பேசினோம். வேறு வேலை அமையவில்லை. போனேன். காலையில் அவன் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற நேரத்தில் கம்ப்ரஷரை நிறுத்தச் சொல்லிவிட்டு, என் மனைவியின் போனில் அவனைக் கூப்பிட்டுப் பேசுவேன். ஆட்கள் முணுமுணுப்பார்கள். சில நாள் பேசுவான், சில நாள் ஆமாங்கப்பா, சரிங்கப்பா என்று வைத்துவிடுவான்.

கணக்கில் தவறி, துணைத்தேர்வு எழுதித்தான் பத்தாவது முடித்தான். இப்போது ஐடிஐயில் டீசல் மெக்கானிக் படிக்கிறான். நான் வடக்கே போவதை நிறுத்திவிட்டேன். திருச்செங்கோட்டிலேயே ரிக் வண்டிகளைப் பழுதுபார்க்கிற பட்டறையில் வேலை, பொழுது சாய்ந்தால் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். அவன் வாரத்தில் பெரும்பாலான நாள் வகுப்புக்குப் போகிறான். போகாத நாளில் எங்கே போனான் என்று கேட்டால் சில நேரம் சொல்கிறான். புகையிலையை விட்டுவிட்டதாகச் சொன்னான். நம்புகிறேன், பாதி. என் மனைவி தறியிலிருந்து வருவாள், நான் பட்டறையிலிருந்து வருவேன், அவன் எங்கிருந்தோ வருவான். மூன்று பேரும் டிவி முன்னால் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்வோம். யாருக்கும் அதிகம் பேசத் தெம்பிருக்காது. ரசம் வேண்டுமா என்று கேட்பாள். ஊற்றச் சொல்வான்.